சிறு வணிகத்துக்கு வெளிநாட்டு நாணயக் கணக்கு: எங்கள் கடையின் அனுபவம்

(பொன்விழா ஆண்டையொட்டி நம் சங்கம் நடத்திய வணிகக் குடும்பங்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மேடையில் நின்று பேசுவது ஒருவர்தான். ஆனால் இந்த உரையைக் காக்கா, ராத்தா, இளையவர் என்று கடையை நடத்தும் மூன்று பேரும் மூன்று இரவு உட்கார்ந்து எழுதினோம். ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். அரபு ஸ்திரீட் பக்கம் எங்களுடையது ஒரு சின்னத் துணிக்கடை. கைலி, துப்பட்டி, தொழுகைத் துணி, கொஞ்சம் பாத்திக். கடையில் நிற்கும் வாடிக்கையாளரைவிட வெளியூரிலிருந்து மொத்தமாக எடுப்பவர்களால்தான் பிழைப்பு ஓடுகிறது. வெளிநாட்டுப் பணம் வருவதும் போவதும் அதனால்தான்.

சங்கத்தில் பிள்ளைகள் பலர் இப்போது இணையத்தில் பொருள் விற்கிறார்கள். வாசனைத் திரவியம், முக்காடு, ஊறுகாய், பேரீச்சம்பழம். அவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த வங்கியில் டாலர் கணக்குத் திறக்கலாம் மாமா?” என்பது. அதற்கு எங்களிடம் ஒரு வரியில் பதில் இல்லை. வங்கிப் பெயருக்குப் போகும் முன், உங்கள் கடையின் ஓராண்டு இன்வாய்ஸ்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். எந்த நாணயத்தில் வருகிறது, எந்த நாணயத்தில் போகிறது, இரண்டும் ஒரே நாணயமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கணக்கைப் பற்றிய முடிவு பாதி ஆகிவிட்டது.

எங்கள் கதையையே சொல்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து கைலி அனுப்புகிறவர் அமெரிக்க டாலரில் இன்வாய்ஸ் போடுகிறார். இந்திய ரூபாயை நாம் இங்கே கணக்கில் வைத்துக்கொண்டு தாராளமாகப் புழங்க முடியாது. ரூபாயில் ஏற்றுமதி செய்துகொள்ள இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் ஒரு வழி திறந்தது என்றாலும் எங்கள் அளவிலுள்ள வணிகத்தில் டாலர்தான் நடப்பு. சீனாவின் கெச்சியாவ் துணிச் சந்தையிலிருந்து வருவதற்குச் சிலர் டாலர் கேட்பார்கள், சிலர் யுவான் கேட்பார்கள். பெக்கலோங்கான் பாத்திக்காரருக்கு ருப்பியா. இது போகிற பக்கம். வருகிற பக்கத்தில் மாலத்தீவு வாடிக்கையாளரும் ஜகார்த்தா வாடிக்கையாளரும் அமெரிக்க டாலர் அனுப்புகிறார்கள். ஜொகூர் பாரு கடைகள் ரிங்கிட். புருணைக் கடை ஒன்று, புருணை வெள்ளி.

ஆக அமெரிக்க டாலர் மட்டும்தான் இரு பக்கமும் இருக்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு டாலர் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2008இலிருந்து 2014 வரை எங்களிடம் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கு மட்டுமே இருந்தது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். மாலத்தீவிலிருந்து டாலர் வரும். வங்கி அதை வெள்ளியாக மாற்றிக் கணக்கில் சேர்க்கும். அதே வாரம் கைலிக்காரருக்கு டாலர் அனுப்ப வேண்டும்; வங்கி எங்கள் வெள்ளியை வாங்கிக்கொண்டு டாலர் அனுப்பும். ராத்தாவின் மகன் பாலிடெக்னிக்கில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறையில் கடைக்கு வந்தவன் ஒரே நாள் தேதியிட்ட இரண்டு வங்கிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்றில் எங்கள் டாலரை வங்கி 1.24 வெள்ளிக்கு வாங்கியிருந்தது. இன்னொன்றில் எங்களுக்கு 1.27 வெள்ளிக்கு விற்றிருந்தது. எட்டாயிரம் டாலர். வந்தது 9,920 வெள்ளி, போனது 10,160 வெள்ளி. “மாமா, நம்ம டாலரையே நாம 240 வெள்ளி கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கோம்” என்றான்.

மாதம் ஏறக்குறைய இதே அளவுதான் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 2,880 வெள்ளி. ஆறு ஆண்டுக்கு 17,000 வெள்ளிக்கும் மேல். அனுப்பும் கட்டணம் முப்பது வெள்ளியா, இருபத்தைந்து வெள்ளியா என்று வங்கி முகப்பில் வாதாடிய எங்களுக்கு, இந்தப் பணம் எந்த வரியிலும் ‘கட்டணம்’ என்று எழுதப்படாததால் கண்ணில் படவேயில்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள். ராபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் இடையே இருந்த பழைய சேஞ்ச் ஆலி இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1989இல் மூடப்பட்டது. அங்கே நாணயம் மாற்றியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! எங்கள் வாப்பா இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படி ஒருவரிடம் எடுபிடியாக நின்றவர். முதல் நாள் முதலாளி பலகையைக் காட்டி, “தம்பி, இங்கே ரெண்டு விலை இருக்கு. வாங்குற விலை, விக்கிற விலை. நடுவுல இருக்கிறதுதான் நம்ம சோறு” என்று சொல்லிக்கொடுத்தாராம். எங்களுக்கு அந்தக் கதையைப் பத்து தடவையாவது வாப்பா சொல்லியிருப்பார். அந்தப் பாடத்தோடு வளர்ந்த நாங்கள், வங்கியின் பலகையை மட்டும் படிக்கவில்லை.

ஆகவே வங்கியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “கட்டணம் எவ்வளவு?” அல்ல. “இன்று, இந்த நிமிடம், பத்தாயிரம் டாலரை என்னிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள், என்ன விலைக்கு விற்பீர்கள்?” என்பதுதான். இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் கேளுங்கள். மூன்று வங்கிகளில் ஒரே மணி நேரத்துக்குள் கேளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கேட்டால் ஒப்பிட முடியாது. இன்னொன்று: இணையத்திலோ முகப்பிலோ போட்டிருக்கும் விலை கடைசி விலை அல்ல. தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் தொலைபேசியில் கேட்டால் குறைப்பார்கள். துணிக்கு மீட்டருக்கு இருபது காசு பேரம் பேசுகிற நாம் வங்கியிடம் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

எல்லாருக்கும் டாலர் கணக்கு வேண்டுமா என்றால், வேண்டாம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர், வருகிற பக்கத்தில் டாலரே இல்லாதவர், கணக்குத் திறந்து என்ன செய்யப்போகிறார்? எப்படியும் வெள்ளியைக் கொடுத்து டாலர் வாங்கித்தான் ஆக வேண்டும். பல வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு கேட்கும். குறைந்தால் மாதக் கட்டணம். “டாலர் இறங்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாமே” என்பார்கள் சிலர். அடுத்த மாதம் கட்ட வேண்டிய கடனுக்கு இன்று டாலர் ஒதுக்கி வைப்பது வணிகம். டாலர் ஏறுமா இறங்குமா என்று பார்த்து உட்கார்ந்திருப்பது வேறு தொழில். அது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ரிங்கிட்டைப் பற்றி இங்குள்ள பலருக்கும் கேள்வி உண்டு. மூத்தவர்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். 1967 ஜூனில் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டபோதும் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்று எங்கும் செல்லுபடியாயின. ஜொகூர் நோட்டு வேறு, நம் நோட்டு வேறு என்று கல்லாப்பெட்டியில் பிரித்து வைத்ததில்லை என்பார் வாப்பா. 1973 மே 8இல் மலேசியாவுடன் அந்த ஏற்பாடு முடிந்தது. புருணையுடன் இன்றுவரை தொடர்கிறது. ஆகவே புருணை வாடிக்கையாளருக்காகத் தனிக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. அவருடைய ஒரு வெள்ளி நம்முடைய ஒரு வெள்ளிதான். மாற்று விலை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

ரிங்கிட் கதை வேறு. 1998 செப்டம்பரில் மலேசியா ரிங்கிட்டை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தியது. வெளிநாட்டிலுள்ள ரிங்கிட் எல்லாம் அக்டோபர் முதல் தேதிக்குள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றது. எங்கள் கடை இரும்புப் பெட்டியில் ஜொகூர் வாடிக்கையாளர்கள் கொடுத்த நோட்டுக் கட்டுகள் இருந்தன. வாப்பா அவற்றை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி இரண்டு மூன்று தடவை போய்வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஐந்நூறு, ஆயிரம் ரிங்கிட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. 3.80 என்ற நிலை 2005 ஜூலையில் முடிந்தது. ஆனாலும் ரிங்கிட் மலேசியாவுக்கு வெளியே சந்தைப் பொருளாகப் புழங்குவதை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் ஏற்பதில்லை. டாலரைப் போல ரிங்கிட்டை இங்கே கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். நாங்கள் ஜொகூர் வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸையே சிங்கப்பூர் வெள்ளியில் போடுகிறோம். நாணய மாற்று அவர் பக்கம். அதற்காக விலையில் சிறிது விட்டுக்கொடுக்கிறோம். இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை.

யுவானுக்கும் ருப்பியாவுக்கும் நாங்கள் கணக்குத் திறக்கவில்லை. போகிற பக்கம் மட்டும் உள்ள நாணயங்கள் அவை. உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகவே அனுப்புகிறோம். வைஸ், ஏர்வாலெக்ஸ் போன்ற நிறுவனங்களைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். நாணய மாற்றில் அவற்றின் இடைவெளி பெரும்பாலும் வங்கியைவிடக் குறைவாகவே எங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அவை பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள். அங்கே இருக்கும் தொகை வங்கி வைப்புத்தொகை அல்ல. வாடிக்கையாளர் பணத்தைத் தனியே பாதுகாத்து வைக்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்கிறது. அது வேறு, வைப்புத்தொகைக் காப்புறுதி வேறு. எங்கள் வழக்கம், அவற்றில் பணத்தைத் தங்க விடுவதில்லை. காலையில் போடுவோம், அன்றே அனுப்பிவிடுவோம்.

காப்புறுதி என்றதும் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக்குக் காப்புறுதி உண்டு. ஆனால் அது சிங்கப்பூர் வெள்ளியில் உள்ள தொகைக்கு மட்டும். டாலர் கணக்கிலுள்ள பணத்துக்கு அந்தக் காப்புறுதி இல்லை. மலேசியாவில் அப்படி அல்ல. அங்கே 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதியில் வெளிநாட்டு நாணய வைப்பும் அடங்கும். நம் உறுப்பினர்களில் சிலருக்கு இரு கரையிலும் கடை இருக்கிறது, அவர்கள் கவனிக்கட்டும். இதற்காக இங்கே டாலர் கணக்கே ஆபத்து என்று யாரும் எண்ண வேண்டாம். மூன்று மாதச் சரக்குக்குத் தேவையானதற்கு மேல் டாலராகக் குவித்து வைக்க வேண்டாம் என்பதுதான் நாங்கள் எடுத்துக்கொண்ட முடிவு.

பணம் அனுப்பும்போது படிவத்தில் மூன்று எழுத்துச் சொற்கள் மூன்று இருக்கும்: ‘அவர்’, ‘ஷா’, ‘பென்’. முதலாவதில் எல்லாக் கட்டணமும் நமக்கு. இரண்டாவதில் ஆளுக்குப் பாதி என்று நினைப்போம். உண்மையில் இங்குள்ள வங்கிக் கட்டணம் நமக்கு, நடுவிலுள்ள வங்கியும் அங்குள்ள வங்கியும் எடுப்பது பெறுகிறவருக்கு. மூன்றாவதில் எல்லாம் அவர் தலையில். ஒரு தடவை பழக்கத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டோம். கைலிக்காரருக்கு இருபத்தைந்து டாலர் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. சிறு தொகைதானே என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கோ, அவருடைய வங்கி ஏற்றுமதிப் பத்திரத்திலுள்ள தொகையோடு வந்த பணத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. குறைந்த ஒவ்வொரு தொகைக்கும் அவர் காரணம் எழுத வேண்டியிருக்கிறது. மனிதர் வருத்தப்பட்டார். அதிலிருந்து முதலாவதுதான்.

டாலர் கணக்கிலிருந்து டாலராகவே அனுப்பும்போது வங்கிக்கு நாணய மாற்றில் லாபம் இல்லை அல்லவா? அதற்கு ஈடாகச் சில வங்கிகள் ‘கமிஷன் இன் லியூ’ என்று ஒன்றை எடுக்கும். கணக்குத் திறக்கும் முன் இது உண்டா, எவ்வளவு, உச்சவரம்பு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாலரை நோட்டாகக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டாலும் தனிக் கட்டணம் உண்டு. மாலத்தீவு வாடிக்கையாளர் நேரில் வந்து நோட்டாகக் கொடுத்தால் நாங்கள் அதை நம் நாணய மாற்றுக் கடையில் மாற்றிக்கொள்கிறோம். வங்கியைவிட அது நயம்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, சிரிக்காதீர்கள். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் ஐந்து ஆறு விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டையில் ஒன்று, கடை முத்திரையில் ஒன்று, அனுப்புகிறவர் எழுதுவது இன்னொன்று. வெளிநாட்டுப் பணத்தை வங்கிகள் பெயர்ப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பெயர் பொதுப்பெயராக இருந்து எழுத்தும் மாறியிருந்தால் பணம் நடுவழியில் நிற்கும். எங்களுக்கு ஒரு முறை நான்கு நாள் நின்றது. கோபித்துப் பயனில்லை. இப்போது எங்கள் இன்வாய்ஸில் நிறுவனப் பெயர், பதிவு எண், கணக்கு எண் மூன்றும் வங்கியில் உள்ளபடியே எழுத்து மாறாமல் அச்சடித்திருக்கிறோம். அனுப்பும் வாடிக்கையாளரையும் அப்படியே பார்த்து எழுதச் சொல்கிறோம். பணம் அனுப்பும் காரணத்தில் ‘பொருள்’ என்று மட்டும் எழுதாமல், கைலி, இன்ன இன்வாய்ஸ் எண் என்று எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்” என்று சரக்குக்காரர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். எங்களுக்கே வந்தது, அதே முத்திரை, அதே கையெழுத்து. ராத்தா பழைய எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்ட பிறகே தெரிந்தது, அவர் அப்படி எதுவும் அனுப்பவில்லை என்று. மின்னஞ்சலிலேயே கொடுத்திருக்கும் எண்ணில் கூப்பிட்டுப் பலனில்லை. சிலர் தன் நிறுவனப் பெயரில் அல்லாமல் மச்சான் பெயரில் அனுப்பச் சொல்வார்கள். அதற்கும் மறுத்துவிடுங்கள். உண்டியலைப் பற்றி இந்தச் சபையில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் பணம் அனுப்புவது இங்கே குற்றம். அதோடு, அந்த வழியில் போன பணம் சரக்குக்காரரின் வங்கியில் டாலராக வந்து சேராது. அவருடைய ஏற்றுமதிக் கணக்கு திறந்தே கிடக்கும். பிறகு அடுத்த சரக்கை நமக்கு எப்படி அனுப்புவார்?

வட்டி பற்றிக் கேட்பீர்கள். எங்கள் டாலர் கணக்கு நடப்புக் கணக்கு. அதில் வட்டி இல்லை, அதனாலேயே தேர்ந்தெடுத்தோம். டாலரை நிரந்தர வைப்பில் போட்டால் இத்தனை விழுக்காடு என்று வங்கியிலிருந்து அழைப்பு வந்துகொண்டேயிருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். மலேசியாவிலுள்ள இஸ்லாமிய வங்கிகளில் வெளிநாட்டு நாணயக் கணக்குகளும் கிடைக்கின்றன. நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை, அதே அமர்வில் முடிய வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். மூன்று மாதம் கழித்து இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்றே கட்டுப்படும் ஒப்பந்தத்தை வங்கி நீட்டினால், கையெழுத்துக்கு முன் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். ஸகாத் நாள் வரும்போது டாலர் கணக்கை மறந்துவிட வேண்டாம். அன்றைய விலையில் வெள்ளியாக்கிச் சேர்க்க வேண்டும். பொருள் சேவை வரிக்குப் பதிந்தவர்கள் டாலர் இன்வாய்ஸிலும் வரித்தொகையைச் சிங்கப்பூர் வெள்ளியில் காட்ட வேண்டும் என்பதைக் கணக்காளர் சொல்லியிருப்பார்.

சரி, அந்த ஆறு ஆண்டுகள் ஏன் டாலர் கணக்கே இல்லாமல் இருந்தோம் என்பதற்கு வருகிறோம்.

வாப்பாவிடம் டாலர் கணக்கு இருந்தது. நாணய மாற்றுக் கடையில் தொழில் கற்றவர், அவருக்கா தெரியாது? ஆனால் கடை அவர் ஒருவர் பெயரில் பதிவான தனியுரிமைக் கடை. கணக்கும் அவர் பெயரில். கையெழுத்து அவருடையது மட்டும். 2007 ஷஃபான் மாதம் வாப்பா மௌத்தானார். அல்லாஹ் அவரை மன்னித்து அருள்வானாக. நோன்புப் பெருநாளுக்கான கைலிப் பெட்டகம் துறைமுகத்தில் வந்து இறங்கியிருந்தது. பத்திரங்கள் வங்கியில், பணத்தைக் கட்டினால்தான் பத்திரம், பத்திரம் இருந்தால்தான் சரக்கு. டாலர் கணக்கில் பணம் இருந்தது. ஆனால் மரணச் செய்தி தெரிந்ததும் கணக்கு முடக்கப்பட்டது. வங்கியைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் பெயரில் உள்ள பணம் அவருக்குப் பின் வாரிசுகளின் சொத்து. ஷரீஅத் நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிறகு நிர்வாக உரிமைக்கு நீதிமன்றத்தில் மனுச்செய்து, எல்லாம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

அந்தக் கணக்கில் இருந்ததில் 6,000 டாலர் மாலத்தீவு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம். அதாவது வாப்பாவின் கடன். பங்கு பிரிப்பதற்கு முன் அடைக்கப்பட வேண்டியது. உம்மா இத்தாவில் இருந்த நேரத்தில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “வாப்பா யார் யாருக்குக் கொடுக்கணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?” எங்கள் ஆண்கள் இருவருக்கும் தெரியாது. ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் வாப்பா சொல்லச் சொல்லப் பேரேடு எழுதியவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் வந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேரேடு இல்லாதிருந்தால் அந்த 6,000 டாலரை எங்கள் பங்கு என்று நினைத்துப் பிரித்திருப்போம்.

சரக்கை எடுக்கப் பணம் கொடுத்தவர் வாப்பாவின் பழைய சிநேகிதர், சேஞ்ச் ஆலியில் அவரோடு நின்றவர், அப்போது சொந்தமாக நாணய மாற்றுக் கடை வைத்திருந்தார். 11,000 டாலர், அழகிய கடன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்; அதுதான் முறை என்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் திருப்பிக் கொடுக்கப் போனோம். அந்த மாதங்களில் டாலர் வெள்ளிக்கு எதிராக இறங்கிக்கொண்டே வந்தது. வெள்ளியில் பார்த்தால் அவருக்கு ஆயிரத்துக்கும் மேல் குறைவு. வித்தியாசத்தை எடுத்து மேசையில் வைத்தோம். அவர் தொடவில்லை. “டாலர் கொடுத்தேன், டாலர் வாங்குறேன். எத்தனை கொடுத்தேனோ அத்தனை. கூட ஒண்ணு வாங்கினா அது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார். அவரும் இப்போது இல்லை.

பெருநாளுக்கு முந்தைய வாரம் சரக்கு கடைக்கு வந்தது. பாதி விற்றது, பாதி அடுத்த ஆண்டுவரை கிடந்தது. பிறகு பிரைவேட் லிமிடெட்டாகக் கடையைப் பதிவு செய்தபோது டாலர் கணக்கு என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று மூவரும் சொல்லிவிட்டோம். பயம். கணக்கில் எந்தக் குற்றமும் இல்லை, யார் பெயரில், எத்தனை கையெழுத்தில் இருந்தது என்பதில்தான் குற்றம் என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பயத்துக்குக் கட்டிய விலைதான் முன்னே சொன்ன பதினேழாயிரம்.

இப்போதைய டாலர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. மூவருக்கும் கையெழுத்து அதிகாரம். 5,000 டாலருக்கு மேல் இருவர் ஒப்புதல் வேண்டும். இணைய வங்கிக்கான டோக்கன் ஆளுக்கு ஒன்று, ஒருவருடையதை மற்றவர் எடுப்பதில்லை. முன்பணமாக வந்த தொகைகளின் பட்டியலை ராத்தா மாதக் கடைசியில் எழுதி எங்கள் மூன்று வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்புகிறார். காக்காவின் மனைவிக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கணக்குத் திறக்கப் போகும் பிள்ளைகள் வங்கி கொடுக்கும் படிவத்தில் கையெழுத்து அதிகாரம் என்ற பக்கத்தை அங்கேயே நின்று அவசரமாக நிரப்ப வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தனியுரிமைக் கடையாக நடத்துகிறவர்கள் அதை மாற்றுவது பற்றி வீட்டாரோடு பேசுங்கள்.

இஷாவுக்கு நேரம் நெருங்குகிறது. தொழுகைக்குப் பிறகு பின்பக்க மேசையில் ராத்தாவின் மகன் உட்கார்ந்திருப்பான். இப்போது அவன் கணக்காளர். உங்கள் கடைசி மூன்று மாத வங்கிச் சீட்டுகளைக் கொண்டுவந்திருப்பவர்கள் அவனிடம் காட்டலாம். வாங்கிய விலையையும் விற்ற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பான்.